கிசங்கானியில் ஒரு மீன்குளம்



காங்கோ ஆற்றங்கரையில் கிசங்கானி என்றொரு ஊர். 2010 பிப்ரவரியில் அங்கே அமெரிக்கச் சிறப்புப் படையினர் முகாம் போட்டார்கள். காங்கோ ராணுவத்துக்காக 391ஆவது பட்டாலியனைப் பழக்கி எடுக்கும் வேலை. சுமார் 750 பேர். குறிபார்த்துச் சுடுவது, ரோந்து போவது, அடிபட்டவனுக்குக் கட்டுப் போடுவது எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். மனித உரிமை வகுப்பும் நடந்தது. பொதுமக்களிடம், குறிப்பாகப் பெண்களிடம், கை வைக்கக்கூடாது என்று பாடமாகவே எடுத்தார்கள்.

இன்னொன்றும் செய்தார்கள். காய்கறித் தோட்டம் போட்டார்கள்; மீன்குளம் வெட்டினார்கள். பட்டாளத்துக்கு மீன்குளம் எதற்கு? அந்த நாட்டில் சிப்பாயின் சம்பளமும் ரேஷனும் மேலிருந்து இறங்கி வருவதற்குள் கை மாறிக் கை மாறிக் கரைந்துவிடும். வயிறு காய்ந்தவன் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு பக்கத்து ஊருக்குள் நுழைவான். கோழி போகும், ஆடு போகும், அதோடும் நிற்காது. முகாமிலேயே சோறு கிடைத்தால் ஊர் தப்பிக்கும் என்பது வந்தவர்கள் போட்ட கணக்கு. நான் கேலி பேசவில்லை. நோய் எது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. சம்பளத்தை விழுங்குகிற அதிகாரியின் சட்டையைப் பிடிக்க அவர்களால் ஆகாது. குளம் வெட்ட முடியும், வெட்டினார்கள். செப்டம்பரில் பயிற்சி முடிந்தது.

2012 நவம்பர் 20. அதே காங்கோவில் எம்23 கிளர்ச்சிப் படை கோமா நகரைப் பிடித்தது. சிதறி ஓடிய ராணுவம் கிவு ஏரிக்கரையில் மினோவா என்ற சிற்றூரில் போய்க் குவிந்தது. அடுத்த சில நாட்களில் அங்கே பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள் குறைந்தது 102 பெண்கள், 33 சிறுமிகள் என்று ஐ.நா. அறிக்கை எண்ணிச் சொல்கிறது. சொந்த நாட்டு ராணுவம் செய்தது, நண்பர்களே. அறிக்கை சுட்டிய பிரிவுகளில் ஒன்று அந்த 391.

 

மினோவா வழக்கு ராணுவ நீதிமன்றத்துக்கு வந்தது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 39 பேர். பெண்கள் தலையையும் முகத்தையும் துணியால் மூடிக்கொண்டு வந்து சாட்சி சொன்னார்கள்; ஊரில் தொடர்ந்து வாழ வேண்டுமே! 2014 மே மாதம் தீர்ப்பு. பாலியல் வல்லுறவுக்காகத் தண்டனை பெற்றவர்கள் இரண்டே பேர். பெரிய தளபதிகள் மீது வழக்கே போடவில்லை.