கம்பிச்சுருளும் கைப்பாதுகாப்பும்

(தேவாரத்தில் நடைபெற்ற ஆசிரியர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்டது மிகச் சிறிய ஒரு பொருள். அது ஒரு கம்பிச்சுருள். அயர்ன் பாக்ஸிலும் தண்ணீர் சுடவைக்கும் ஹீட்டரிலும் இருப்பது. அதே சுருள் விரல் நக அளவுக்குச் சுருங்கி மின்சிகரெட்டுக்குள்ளும் இருக்கிறது. இந்தச் சுருளைத் தாமே சுற்றிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை நம் வகுப்புகளுக்குள் வந்துவிட்டது என்பதால்தான் இதைப் பேச வந்தேன்.

பத்தாம் வகுப்பில் மின்னோட்டவியல் பாடத்தில் ஜூலின் வெப்ப விதியை முடித்த அன்று ஒரு மாணவர் என்னிடம் வந்து, "சார், நிக்ரோம் கம்பி எந்தக் கடையில சார் கிடைக்கும்?" என்று கேட்டார். பாடத்தில் ஆர்வம் என்று மகிழ்ந்து, "எதுக்குப்பா?" என்றேன். கொஞ்சம் தயங்கினார். வெளியூரில் வேலைபார்க்கும் அவருடைய அண்ணன் விடுமுறைக்கு வந்தபோது ஒரு கருவி கொண்டுவந்திருக்கிறார். உள்ளே இருக்கும் சுருள் கருகிவிட்டது. புதிதாகச் சுற்றுவது எப்படி என்று செல்பேசியில் காணொளி பார்த்திருக்கிறார்கள். "தம்பி, நீதானே சயின்ஸ் நல்லா படிக்கிற, சுத்திக் கொடு" என்று அண்ணன் சொல்லியிருக்கிறார்.

அந்த மாணவர் கேட்டது தப்பான கேள்வி அல்ல. போகும் இடம்தான் தப்பு. அவரை அதட்டி அனுப்பியிருந்தால் கேள்வி நின்றிருக்காது. நம்மிடம் வருவதுதான் நின்றிருக்கும். காணொளிக்கு அதட்டத் தெரியாது. "வேண்டாம்" என்று சொல்லவும் தெரியாது.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்பதை நாம் அறிந்திருக்க வேண்டும். தமிழ்நாடு அரசு 2018ஆம் ஆண்டிலேயே மின்சிகரெட்டைத் தடைசெய்தது. 2019 செப்டம்பரில் மத்திய அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அவ்வாண்டு டிசம்பரில் அது நாடாளுமன்றச் சட்டமாயிற்று. அதன்படி மின்சிகரெட்டைத் தயாரிப்பது, இறக்குமதி செய்வது, கொண்டுசெல்வது, விற்பது, விளம்பரப்படுத்துவது எல்லாம் குற்றம். முதல் முறைக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மீண்டும் செய்தால் 3 ஆண்டு வரை சிறையும் 5 லட்சம் வரை அபராதமும். இருப்பு வைப்பதற்கும் தண்டனை உண்டு. "நான் குடிக்கலையே சார், செஞ்சுதானே கொடுத்தேன்" என்று நாளை ஒரு பிள்ளை சொன்னால், சட்டத்தின் முன் அது நிற்காது. இதை மிரட்டலாகச் சொல்லாமல் தகவலாகச் சொல்லுங்கள்.

அடுத்தது உடல்நலம். "அதுல புகை இல்ல சார், வெறும் ஆவிதான்" என்பார்கள். அந்தத் திரவத்தில் புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், வாசனைப் பொருள், பெரும்பாலும் நிக்கோட்டின் ஆகியவை இருக்கின்றன. நிக்கோட்டின் அடிமைப்படுத்தும், வளரும் மூளையை அது வேகமாகப் பிடித்துக்கொள்ளும். சூடான சுருளிலிருந்து நிக்கல், குரோமியம் போன்ற உலோகத் துகள்களும் ஆவியோடு வருகின்றன என்று ஆய்வுகள் கண்டிருக்கின்றன. அமெரிக்காவில் 2019இல் தொடங்கிய நுரையீரல் பாதிப்பில், 2020 பிப்ரவரி வரை 2,807 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். 68 பேர் இறந்தனர். பெரும்பாலும் கஞ்சாச் சாறு கலந்த திரவத்தில் சேர்க்கப்பட்ட வைட்டமின் இ அசிட்டேட் என்ற எண்ணெய்ப் பொருளே அதற்கு முக்கியக் காரணமாகக் கண்டறியப்பட்டது. தோலில் தடவலாம், மாத்திரையாக விழுங்கலாம். நுரையீரலுக்குள் போனால் அதுவே ஆளைச் சாய்க்கிறது.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதை விளக்குவது எளிது. ஏலக்காயைத் தேநீரில் போட்டால் மணம். பாயசத்தில் போட்டால் சுவை. அதையே தூளாக்கி மூச்சில் இழுக்கச் சொன்னால் எந்தப் பிள்ளையாவது இழுக்குமா? வாய்க்கு நல்லது எல்லாம் நுரையீரலுக்கு நல்லது அல்ல. "மாம்பழ வாசம்தானே சார்" என்பதற்கு இதுவே போதுமான பதில்.

இனி இயற்பியலுக்கு வருகிறேன். நம் மாணவர்களிடம் ஒரு பிழையான எண்ணம் ஊறியிருக்கிறது. மின்தடை கூடினால் வெப்பமும் கூடும் என்பது அது. கரும்பலகையில் H = I²Rt என்று எழுதுகிறோம்; R மேலே இருக்கிறது, எனவே R கூடினால் H கூடும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். மின்னோட்டம் மாறாதபோதுதான் அது சரி. ஒரே மின்கலத்தில் இணைக்கும்போது மாறாமல் இருப்பது மின்னழுத்தம். அப்போது H = V²t/R. அதாவது கம்பியைப் பாதியாக வெட்டினால் மின்தடை பாதியாகும். மின்னோட்டமும் வெப்பமும் இரு மடங்காகும். கம்பி குட்டையானால் ஆபத்து கூடுகிறது. வீட்டில் இரகசியமாகச் சுருள் சுற்றுகிற பிள்ளைக்கு இந்த ஒரு வரி தெரியாது. தெரியாமல் லித்தியம் மின்கலத்தில் இணைக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த மின்கலத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். டார்ச் செல்லுக்கு உள்மின்தடை அதிகம். குறுக்குச்சுற்று ஏற்பட்டாலும் அது ஓரளவுக்குமேல் மின்னோட்டத்தைத் தராது. பவர் பேங்க், பழைய மடிக்கணினி ஆகியவற்றிலிருந்து கழற்றும் லித்தியம் அயனி மின்கலம் அப்படியல்ல. முழுதாக மின்னேற்றினால் 4.2 வோல்ட்டுதான், ஆனால் குறுக்குச்சுற்றில் கொட்டிவிடும். உள்ளே இருக்கும் கரைசல் தீப்பற்றக்கூடியது. சூடு ஓர் எல்லையைத் தாண்டினால் வேதிவினையே மேலும் சூட்டை உண்டாக்கும். அதன்பின் நிறுத்த முடியாது. கால்சட்டைப் பையில் சாவியும் சில்லறையும் கிடக்க, அதோடு ஒரு தனி மின்கலம் கிடந்தாலே போதும்.

எனவே நான் அந்த மாணவருக்குக் கம்பியை மறுக்கவில்லை. வேறு வேலை கொடுத்தேன். தெர்மாகோல் வெட்டும் கருவி. அறிவியல் கண்காட்சிக்கு மாதிரி செய்யும்போது தெர்மாகோலைப் பிளேடால் அறுத்து விரலையும் அறுத்துக்கொள்வது நாம் ஆண்டுதோறும் பார்ப்பதுதானே? அதே நிக்ரோம் கம்பி, அதே ஜூல் விதி, கையில் ஒரு பயனுள்ள பொருள்.

தேவையானவை: 0.3 மி.மீ. தடிமனுள்ள நிக்ரோம் கம்பி 10 செ.மீ., பெரிய டார்ச் செல் இரண்டு, கட்டிங் பிளேயர், மூக்குக் குறடு, மல்டிமீட்டர், முதலைக் கவ்வி வைத்த ஒயர் இரண்டு, அழுத்தும்போது மட்டும் இணைக்கும் பெல் சுவிட்ச், காய்ந்த மரச்சட்டம், கண்ணாடி. பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர், ஒரு வாளி மணல்.

இணைக்கும் முன் கணக்கு. இதுதான் முதல் விதி. அந்தக் கம்பியின் மின்தடை ஏறக்குறைய 1.5 ஓம் வரும். 3 வோல்ட்டுக்கு 2 ஆம்பியர், 6 வாட். செல்லின் உள்மின்தடையால் உண்மையில் சற்றுக் குறையும். மாணவர் முதலில் தாளில் எழுத வேண்டும். பிறகு மல்டிமீட்டரால் அளக்க வேண்டும். அளக்கும்போது மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு, அது காட்டும் சிறு மதிப்பைக் கழிக்கச் சொல்லுங்கள். சிறிய மின்தடையில் அந்தப் பிழை பெரிது. கணக்கும் அளவும் ஒத்துவந்த பிறகே செல்லை இணைக்கலாம். ஒத்துவராவிட்டால் எங்காவது கம்பி ஒன்றை ஒன்று தொடுகிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது விதி: கம்பி சிவக்கக் கூடாது. சிவந்தால் சூடு மிகை. தெர்மாகோல் உருகி வழிவிட வேண்டும், புகையக் கூடாது. அதன் புகை நல்லதல்ல. சன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் வேலைபார்க்கும் பெற்றோரின் பிள்ளைகள் நம்மிடம் படிக்கிறார்கள். ஏறத்தாழ 50 டிகிரியில் நிதானமாக உலர்த்தினால்தான் காய் பச்சை மாறாமல் இருக்கும், சூடு கூடினால் நிறமும் விலையும் போய்விடும் என்பதை அவர்கள் வீட்டிலேயே கேட்டிருப்பார்கள். வெப்பத்தை உண்டாக்குவது பெரிதல்ல, அடக்கி ஆள்வதுதான் தொழில் என்பதை அவர்களை வைத்தே வகுப்பில் சொல்லவைக்கலாம்.

மூன்றாவது விதி: லித்தியம் மின்கலத்துக்கு வகுப்பறையில் இடமில்லை. கழற்றியது, உப்பியது, உறை கிழிந்தது எதையும் தொடக் கூடாது, குத்தக் கூடாது. நான்காவது: தனியாகச் செய்யக் கூடாது. ஆசிரியர் பார்வையில், இருவர் இருவராகத்தான்.

தீப்புண் பட்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பேனா மை, பற்பசை, மஞ்சள், நெய் எதுவும் வேண்டாம். மோதிரம், கயிறு இருந்தால் வீங்கும் முன் கழற்றிவிடுங்கள். பெரிய காயமென்றால் 108. சிறிய லித்தியம் மின்கலம் தீப்பிடித்தால் முதலில் பிள்ளைகளை வெளியேற்றுங்கள். அந்தப் புகை நச்சு. பிறகு தள்ளி நின்று நிறையத் தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்க வேண்டும். அணைந்ததுபோல் இருந்து மீண்டும் பற்றும்.

தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள், "இது உயர்நிலைப் பள்ளிச் சங்கதி" என்று விட்டுவிட வேண்டாம். இந்தக் கருவிகள் பேனா போலவும் பென்டிரைவ் போலவும் இருக்கின்றன. பழ வாசம் வீசுகின்றன. வீட்டில் கிடந்ததை இரண்டாம் வகுப்புக் குழந்தை மிட்டாய் என்று வாயில் வைக்கலாம். அந்தத் திரவத்தில் உள்ள நிக்கோட்டின் சிறு குழந்தைக்கு நஞ்சு. தோல் வழியாகவும் உள்ளே போகும். தோலில் பட்டிருந்தால் உடனே கழுவுங்கள். விழுங்கியிருந்தால் வாந்தி எடுக்கவைக்க முயலாமல் நேராக மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அந்தக் கருவியையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

ஒரு மாணவரிடம் இப்படிப்பட்ட கருவியைக் கண்டால் என்ன செய்வது? திறந்து பார்க்காதீர்கள். மேசை இழுப்பறையில் சாவிக்கொத்தோடு போடாதீர்கள். குப்பையில் எறியவே எறியாதீர்கள்; குப்பையைக் கொளுத்தும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது, மின்கலம் வெடிக்கும். தலைமையாசிரியரிடம் ஒப்படையுங்கள். பெற்றோரை அழைத்துத் தனியாகப் பேசுங்கள். பிள்ளையின் பெயர் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஒலிக்க வேண்டாம். அவமானப்பட்ட பிள்ளை திருந்துவதைவிட ஒளிவதுதான் அதிகம்.

நம் பெற்றோரில் பலர் விடியும் முன்பே ஜீப்பில் மலைக்குப் போய்விடுகிறார்கள். இருட்டிய பிறகுதான் வீடு திரும்புகிறார்கள். மாலை நேரத்தில் பிள்ளைக்குத் துணை செல்பேசிதான். எனவே பள்ளி விட்டபின் அரை மணி நேரம் அறிவியல் மன்றத்துக்கு ஒதுக்குவதை நான் கூடுதல் சுமையாகப் பார்க்கவில்லை. அந்த அரை மணி நேரம் யாருக்குப் போகிறது என்பதுதான் கேள்வி.

அந்த மாணவர் கருவியைச் செய்து முடித்தார். கண்காட்சிக்கு வைகை அணையின் மாதிரியை அதனால்தான் வெட்டினார்கள். முடித்த நாளில் அவர் கேட்ட கேள்விதான் என்னை யோசிக்கவைத்தது. "சார், அண்ணன்கிட்ட இத எப்படி சார் சொல்றது?" சட்டப் பிரிவும் ஜூல் விதியும் அந்தக் கேள்விக்கு உதவவில்லை. "நீ சுத்தித் தரமாட்டேன்னு மட்டும் சொல்லு. ஏன்னு கேட்டா, நீ நல்லா இருக்கணும்னு சொல்லு" என்றேன். புகையிலைப் பழக்கத்தை விட உதவும் தேசிய இலவசத் தொலைபேசி எண் 1800 112 356 என்பதையும் எழுதிக் கொடுத்தேன். அண்ணன் முழுதாக விட்டுவிட்டாரா என்றால், இன்னும் இல்லை. ஆனால் இரண்டு முறை அந்த எண்ணுக்குப் பேசியிருக்கிறார் என்று தம்பி சொன்னார்.

நண்பர்களே, உங்களிடம் நான் வேண்டுவது இரண்டு. பள்ளியிலிருந்து 100 கெஜ தூரத்துக்குள் புகையிலைப் பொருள் விற்கக் கூடாது, 18 வயதுக்குக் குறைந்தவருக்கு எங்குமே விற்கக் கூடாது என்று 2003ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. இந்த வாரமே உங்கள் பள்ளி வாசலிலிருந்து ஒருமுறை நடந்து பாருங்கள். அடுத்து, உங்கள் அறிவியல் அலமாரியில் பூட்டிக் கிடக்கும் மல்டிமீட்டரை வெளியே எடுத்து, செல் போட்டு, ஒரு மாணவரின் கையில் கொடுங்கள்.