பெருமாள் கோயில் சுவரில் ஒரு யூதப் பள்ளி

(ஒலி எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சற்றே திருத்தப்பட்டது.)

ஐரோப்பா போயிட்டு வந்த நண்பர்களோட இன்ஸ்டாகிராம்ல பிராக் நகரத்துப் பழைய யூதக் கல்லறையைப் பார்த்திருப்பீங்க. சாய்ஞ்சும் சரிஞ்சும் ஒண்ணோட ஒண்ணு நெருக்கியடிச்சு நிக்கிற கல்லுங்க. பக்கத்துலயே பிங்காஸ் தொழுகைக்கூடம். நாஜிகள் கொன்ன செக் நாட்டு யூதர்கள் கிட்டத்தட்ட 80,000 பேரோட பெயர்கள் அதோட சுவர்ல எழுதியிருக்கு. ஜெர்மனி போனா நடைபாதையிலேயே சின்னச் சின்னப் பித்தளைக் கற்கள். ‘இங்கே இன்னார் வாழ்ந்தார்’னு சொல்லும். குன்டர் டெம்னிக்னு ஒரு கலைஞர் 1990களில் ஆரம்பிச்சது. 2023ல அது ஒரு லட்சத்தைத் தாண்டிடுச்சு.

இந்த மாதிரி ஒரு யூத வரலாற்று நடையை நம்ம ராமநாதபுரம் கடற்கரையில போக முடியுமா? முடியும். ஆனா கையில ஒரு கைடு புத்தகமும் இருக்காது, வழிகாட்டிப் பலகையும் இருக்காது. கொஞ்சம் படிச்சுட்டுத்தான் நடக்கணும். அதுக்குத்தான் இந்த எபிசோடு.

முதல் நிறுத்தம் திருப்புல்லாணி. ராமநாதபுரத்துக்குத் தெற்கே, பஸ்ல சீக்கிரமே போயிடலாம். ஆதி ஜெகந்நாதப் பெருமாள் கோயில், 108 திவ்ய தேசங்கள்ல ஒண்ணு. யூத வரலாறு தேடி வந்தவங்களுக்குப் பெருமாள் கோயில்ல என்ன வேலைன்னு கேப்பீங்க. விஷயம் சுவர்ல இருக்கு. பாண்டியர் காலத்துக் கல்வெட்டுகள் இங்க நிறைய. அதுல பவித்திரமாணிக்கப்பட்டினம்னு ஒரு துறைமுக ஊர் வருது. அந்த ஊர்ல இருந்த பிழார்ப் பள்ளிங்கிற பள்ளிவாசலுக்கு அரசன் கொடுத்த கொடை பத்தியும் வருது. அதே ஊர்ல ‘சூதப்பள்ளி’ன்னு ஒண்ணு இருந்ததாவும் இந்தக் கோயில் கல்வெட்டு சொல்லுது.

சூதப்பள்ளின்னா சூதாடுற இடம்னு நினைச்சுடாதீங்க. பழைய தமிழ்ல ‘ஜ’ எழுதுற இடத்துல ‘ச’தான். மலையாளத்துல இன்னைக்கும் யூதர்களை ஜூதர்னு சொல்றாங்க, அவங்க தொழுகைக்கூடத்தை ஜூதப்பள்ளின்னு சொல்றாங்க. அதனால சூதப்பள்ளிங்கிறதை யூதர்களோட தொழுகைக்கூடம்னு ஆய்வாளர்கள் படிக்கிறாங்க. ‘பள்ளி’ங்கிற சொல்லையும் கவனிங்க. சமணர் இருந்த இடமும் பள்ளி, பௌத்தர் இருந்த இடமும் பள்ளி, இஸ்லாமியர் தொழுற இடமும் பள்ளி, குழந்தைங்க படிக்கிற இடமும் பள்ளி. வெளியில இருந்து வந்தவங்களுக்குன்னு தமிழ் தனியா ஒரு சொல் தேடிப் போகல. இருந்த சொல்லையே கொடுத்துடுச்சு.

ரெண்டாவது நிறுத்தம் பெரியபட்டினம். திருப்புல்லாணிக்குக் கிழக்கே, மன்னார் வளைகுடாக் கரையில. பவித்திரமாணிக்கப்பட்டினம் இதுதான்னு கருதப்படுது. இன்னைக்குப் போனீங்கன்னா பள்ளிவாசல், சந்தனக்கூடு விழா நடக்குற தர்கா, தென்னந்தோப்புன்னு அமைதியான ஊர். 1987ல தமிழ்ப் பல்கலைக்கழகமும் ஜப்பானிய அறிஞர் நொபொரு கராஷிமாவும் இங்க அகழாய்வு செஞ்சாங்க. சீனாவுல இருந்து வந்த பீங்கான் ஓடுகள் குவியலா கிடைச்சுது. பெரும்பாலும் 13, 14ஆம் நூற்றாண்டு. லோங்சுவான் சூளைகள்ல செஞ்ச பச்சைப் பீங்கான்கூட அதுல இருக்கு. 1349ல வாங் தாயுவான் எழுதின சீனக் குறிப்புல வர்ற ‘தா பதான்’ இந்தப் ‘பட்டினம்’தான்னு கராஷிமா சொன்னார்.

ஏன் இங்க? பாக் நீரிணை ஆழம் கம்மி, பெரிய கப்பல் கடக்க முடியாது. அதனால மன்னார் வளைகுடாப் பக்கம் சரக்கு இறக்கி ஏத்த ஒரு துறைமுகம் தேவை. இந்தப் பக்கம் முத்துக் குளிக்கிற கடல். பாண்டியர்களுக்கு வருஷா வருஷம் குதிரை வேணும், அது அரபு, பாரசீகக் கரையில இருந்து வரணும். பருவக்காற்று திரும்புற வரைக்கும் வியாபாரி மாசக்கணக்கா கரையில காத்திருக்கணும். காத்திருக்கிறவனுக்குத் தங்க வீடு வேணும், தொழ ஒரு பள்ளி வேணும், செத்தா புதைக்க ஆறடி நிலமும் வேணும்.

அப்படி ஒரு கல்லறைக் கல்தான் நம்ம மூணாவது நிறுத்தம். ராமநாதபுரம் வட்டாரத்துல ஹீப்ரு எழுத்து வெட்டின ஒரு கல் கிடைச்சிருக்கு. அதைப் படிச்சவர் கொச்சியைச் சேர்ந்த தௌஃபீக் ஸக்கரியா. தொழில்ல சமையல் கலைஞர், மதத்தால இஸ்லாமியர், ஆசையால ஹீப்ரு எழுத்துக்கலை கத்துக்கிட்டவர். கல்லுல நெகேமியாங்கிற பேர் இருக்கு. செலூசிட் ஆண்டுக் கணக்குல 1536, அதாவது கி.பி. 1224-25. ஏமன் யூதர்கள் பல நூற்றாண்டு பயன்படுத்தின கணக்கு அது. கேரளத்துச் சேந்தமங்கலத்துல இருக்கிற சாராங்கிற பெண்ணோட கல் 1269. இந்தியாவோட மிகப் பழைய ஹீப்ரு கல்லறைக் கல்னு இவ்வளவு நாளா சொல்லிட்டு வந்தது அதைத்தான். நெகேமியா அதுக்கும் நாற்பத்தஞ்சு வருஷம் முன்னாடி.

இப்போ பிராகையும் பெரியபட்டினத்தையும் பக்கத்துல பக்கத்துல வைங்க. அங்க கட்டடம் நிக்குது, அதுல தொழுத மனுஷங்களைக் கொன்னுட்டாங்க. அதனால அந்த நடை ஒரு துக்க வீட்டுக்குப் போயிட்டு வர்ற மாதிரி இருக்கும். இங்க கட்டடமே இல்ல. ஆனா யாரும் துரத்தினதாவும் தடயம் இல்ல. இருந்தாங்கங்கிறதுக்குச் சாட்சி ஒரு பெருமாள் கோயில் சுவர், இஸ்லாமியர் ஒருத்தர் படிச்சுச் சொன்ன ஒரு கல். ‘இது யாரோட ஊர்’னு இன்னைக்கு யாராவது சண்டைக்கு வந்தா, அவங்களைத் திருப்புல்லாணிக்குக் கூட்டிட்டுப் போங்க. எண்ணூறு வருஷத்துக்கு முன்னாடியே அந்தக் கேள்விக்குச் சுவர்ல பதில் வெட்டி வச்சிருக்காங்க.

ஆனா ஒண்ணு. பிராக்ல ஒரு கல் உடைஞ்சா இன்னும் ஆயிரக்கணக்கில் இருக்கு. இங்க ஒரு கல் போனா, ஒரு மனுஷன் இந்தக் கரையில வாழ்ந்தான்ங்கிற ஒரே சாட்சியும் போயிடும். நம்ம கிராமங்கள்ல எழுத்து இருக்கிற கல் துவைக்கிற கல்லா, வாசப்படியா, பாலத்துக்கு அடியில முட்டுக்கொடுக்கிற கல்லா மாறுறது சகஜம். அதனால இந்த நடையில உங்களுக்கு ஒரு வேலை இருக்கு. புரியாத எழுத்து இருக்கிற கல்லைப் பார்த்தா சுண்ணாம்பு தடவாதீங்க, சுரண்டாதீங்க, நகர்த்தாதீங்க. பக்கவாட்டுல வெயில் விழுற காலை நேரத்துல போட்டோ எடுங்க, இடத்தைக் குறிச்சுக்கங்க. ஊர் விஏஓகிட்டயோ தாசில்தார்கிட்டயோ சொல்லுங்க. ராமநாதபுரம் அரண்மனையில ராமலிங்க விலாசத்துல மாநிலத் தொல்லியல் துறையோட அகழ்வைப்பகம் இருக்கு. நடையை அங்க வந்து முடிச்சீங்கன்னா ரெண்டு வேலையும் ஆச்சு.

ராமநாதபுரம் தூரம்னு நினைக்கிற சென்னைக்காரங்களுக்கு: ஜார்ஜ் டவுன்ல பவழக்காரத் தெருவுக்குப் போங்க. 17ஆம் நூற்றாண்டுல மத்தியத்தரைக் கடல் பவழத்தைக் கொண்டுவந்து வித்து, கோல்கொண்டா வைரம் வாங்கிட்டுப் போன போர்த்துகீசிய யூத வியாபாரிகளோட நினைவு அந்தத் தெருப் பேர்ல ஒட்டிட்டு இருக்கு.

உங்க ஊர்ல இப்படி அர்த்தம் புரியாத ஒரு தெருப் பேரோ, கல்லோ இருந்தா எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.