மஞ்சள் முனையும் பச்சைத் துளையும்



மார்கழி முடிகிற தறுவாயில், போகிப் பண்டிகையை முன்னிட்டு வீடு முழுவதையும் ஒட்டடை அடித்து, மேஜை நாற்காலிகளை இடம் பெயர்த்துத் துடைத்து வைத்த அன்று மாலை, எங்கள் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டி தன் வர்ணங்களையெல்லாம் துறந்து சந்நியாசம் வாங்கிக்கொண்டது. குரல் ஒரு குறையுமின்றிக் கேட்டது. உருவங்களும் தெளிவாகவே அசைந்தன. ஆனால் செய்தி வாசித்த அம்மையாரின் பட்டுப் புடவையும், அடுத்து வந்த கிரிக்கெட் மைதானத்தின் புல்லும் ஒரே சாம்பலைப் பூசிக்கொண்டாற்போல் காட்சியளித்தன. கடைக்குத் தொலைபேசியில் விசாரித்தேன். பெட்டியைக் கண்ணால் பாராமலே, "போர்டு போயிருக்கும் சார், பழைய மாடல், பார்ட்ஸ் கிடைக்காது, புதுசா வாங்கிடுங்க" என்று தீர்ப்பு வந்துவிட்டது. பென்ஷனில் ஜீவிப்பவனுக்கு அந்தத் தீர்ப்பு லேசானதன்று.

எங்கள் தெருக்கோடியில், வால்வு ரேடியோ காலத்திலிருந்தே ஈயம் வைத்து விரல் கறுத்துப்போன முதியவர் ஒருவர் இருக்கிறார். அவரை அழைத்து வந்தேன். திருப்புளியைக்கூடக் கையிலெடுக்காமல், முக்காலியில் அமர்ந்து, நாடி பிடிக்கும் வைத்தியரைப் போல அவர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "ஐயா, நேத்து நல்லா இருந்துச்சு இல்ல? நேத்துக்கும் இன்னிக்கும் நடுவுல இதை யார் தொட்டது?"

என் மருமகள் தூசி தட்டும்போது செட்டாப் பாக்ஸிலிருந்து வரும் மூன்று வர்ண வயரைக் கழற்றி மாட்டியிருந்தாள். இந்த வானொலிப் பேச்சில் நிறத்தைக் காட்ட வழியில்லை. ஆகையால் மனக்கண்ணால் பாருங்கள். அந்த வயரில் மஞ்சள் முனை படத்துக்கு. வெள்ளை இடப்பக்க ஒலிக்கு. சிவப்பு வலப்பக்க ஒலிக்கு. பெட்டியின் முதுகிலோ இவற்றுக்குரிய மூன்று துளைகளோடு பச்சை, நீலம், சிவப்பு என்று இன்னொரு மூவர் கூட்டமும் அண்டை வீட்டார்போல் ஒட்டியிருந்தது. மஞ்சள் முனை பச்சைத் துளையில் குடியேறிவிட்டது. திரை இருண்டிருக்கவே, என் பேரன் ரிமோட்டில் 'சோர்ஸ்' என்ற பொத்தானை, ஏதாவது ஒரு படம் தெரிகிறவரையில் அழுத்திக்கொண்டே போயிருக்கிறான். தெரிந்ததுதான் அந்தச் சாம்பல் படம்.

தவறான துளையில் செருகியும் படம் முற்றிலும் மறையாமல், நிறம் மட்டும் போனது ஏன் என்ற சந்தேகம் எனக்கு எழுந்தது. அதற்கு விடை 1982ஆம் வருஷத்தில் இருக்கிறது. அவ்வாண்டு ஆகஸ்டு 15ஆம் தேதி தூர்தர்ஷன் வர்ண ஒளிபரப்பைத் தொடங்கி, பின்னர் தில்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டிகள் நடந்தபோது, வர்ணப் பெட்டி வாங்கிய பாக்கியசாலிகள் வண்ணத்தில் கண்டுகளித்த அதே காட்சியை, பழைய கறுப்பு வெள்ளைப் பெட்டி வைத்திருந்தவர்களும் எந்த மாறுதலும் செய்யாமலே பார்த்தார்கள். அது எப்படிச் சாத்தியமாயிற்று என்றால், வர்ணத் தொலைக்காட்சியை வகுத்த விஞ்ஞானிகள், எங்கே வெளிச்சம், எங்கே இருள் என்ற செய்தியைத் தனியே வைத்து, நிறத்தைப் பற்றிய செய்தியை அதன் தோளின்மேல் ஏற்றி அனுப்பினார்கள். தோளில் இருப்பவரை அறியாத பழைய பெட்டி, சுமப்பவரை மட்டும் வரவேற்றுப் படமாக்கியது. எங்கள் வீட்டுப் பச்சைத் துளையின் சுபாவமும் அதுவே. அது வெளிச்சச் செய்தியை மட்டுமே படிக்கும். நிறம் தனக்கு அருகிலுள்ள நீலம், சிவப்புத் துளைகளின் வழியாக வரும் என்று காத்திருக்கும். வராத விருந்தாளிக்காகக் காத்திருந்தால் வீடு சாம்பல் பூத்துத்தானே கிடக்கும்? அரை நிமிஷத்தில் முனை இடம் மாறியது. புடவை மறுபடியும் பட்டானது.

அன்றுமுதல் அந்த முதியவரின் முறையை நானும் கைக்கொண்டிருக்கிறேன். மொட்டைமாடி டிஷ் தட்டிலிருந்து கேபிள், கேபிளிலிருந்து செட்டாப் பாக்ஸ், அங்கிருந்து பெட்டி என்று ஒரு பாதை இருக்கிறதல்லவா? அந்தப் பாதையில், ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஒவ்வொரு கூடுமிடமாக நின்று நின்று நடக்க வேண்டும். இரண்டை ஒருங்கே மாற்றினால், குணமாக்கிய மருந்து எதுவென்று தெரியாமற் போகும்.

கூடுமிடங்களில் மிகவும் துன்பத்துக்குள்ளாவது மாடியில் உள்ளதுதான். தட்டின் முன்னே நீட்டிக்கொண்டிருக்கும் சிறு கருவிக்கு வேண்டிய 13 அல்லது 18 வோல்ட் மின்சாரத்தை, செட்டாப் பாக்ஸ் அதே கேபிளின் வழியாகவே மேலே அனுப்புகிறது. ஆகையால், முனையில் மழைநீர் புகுந்து நடுச் செப்புக்கம்பி பச்சை பூத்தாலும், சுற்றிலுமுள்ள வலைக்கம்பியின் ஓர் இழை மயிரிழையாக நீண்டு நடுக்கம்பியைத் தொட்டாலும், காட்சி நின்றுவிடும். கேபிள் ஜன்னலுக்குள் நுழையுமுன் ஒரு சாண் தாழ்ந்து வளைந்து மேலேறும்படி விட்டால், நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்; காசு செலவில்லாத வைத்தியம் இது. பழைய ஒளிபரப்பு, நோய் முற்றுமுன்பே திரையில் ஈ மொய்த்தாற்போல் புள்ளிகளைக் காட்டி எச்சரிக்கும். இன்றைய டிஜிட்டல் ஒளிபரப்போ, கடைசி மூச்சுவரை பளிங்குபோல் இருந்துவிட்டு, திடீரென்று சதுரம் சதுரமாக உடைந்து உறைந்துபோகும். எனக்கென்னவோ அந்தப் பழைய நாணயம் பிடித்திருந்தது.

மற்றவற்றைச் சுருக்கமாகவே சொல்லலாம். செட்டாப் பாக்ஸ் உயிரற்றுக் கிடந்தால் முதலில் அடாப்டரைச் சந்தேகியுங்கள்; மாற்று அடாப்டரில் வோல்ட் எண் அதேயாகவும், ஆம்பியர் எண் குறையாமலும், முனையின் நடுவே பிளஸ்ஸா மைனஸா என்று காட்டும் படம் ஒத்தும் இருக்க வேண்டும். ரிமோட்டின் நுனியைக் கைபேசிக் காமிராவின் முன் பிடித்துப் பொத்தானை அழுத்தினால், கண்ணுக்குப் புலனாகாத அதன் ஒளி, பெரும்பாலான காமிராக்களில் ஊதாப் புள்ளியாக மினுக்கும். எல்.இ.டி. பெட்டியில் ஒலி வந்து திரை மட்டும் இருண்டிருந்தால், அறை விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைத் திரைமேல் சாய்த்துப் பிடியுங்கள். மங்கலாக உருவங்கள் நடமாடினால், போயிருப்பது பின்னாலுள்ள வெளிச்சம் மட்டும் என்று கொள்ளலாம். அதற்காகப் பெட்டியையே மாற்ற வேண்டியதில்லை.

என் நண்பர் ஒருவர், ஒருபுறம் ஹெச்.டி.எம்.ஐ. முனையும் மறுபுறம் மூன்று வர்ண முனைகளும் கொண்ட வெறும் வயரை மலிவாக வாங்கி வந்து, ஒரு பகல் முழுவதும் போராடித் தோற்றார். ஹெச்.டி.எம்.ஐ. வழியே எண்கள் ஓடுகின்றன. மஞ்சள் முனையிலோ அலைகள் ஓடுகின்றன. தெலுங்கில் பேசுவதைத் தமிழாக்க நடுவே ஒரு துபாஷி வேண்டாமா? அந்தத் துபாஷி, தனக்கென்று மின்சாரம் கேட்கும் ஒரு சிறு பெட்டி. சென்னை ரிச்சி தெருவில் கேட்டால் எடுத்துத் தருவார்கள். ஆனால் எதிலிருந்து எதற்கு மாற்ற வேண்டும் என்பதைத் திட்டமாகச் சொல்லிக் கேட்க வேண்டும், ஏனெனில் எதிர்த்திசைக்கு உரியது வேறொரு பெட்டி, வெளித் தோற்றத்தில் இரட்டைப் பிள்ளை.

ஒன்றில் மட்டும் சிக்கனமும் ஆர்வமும் கூடாது. 2006ஆம் ஆண்டில் தொடங்கித் தமிழக அரசு வழங்கிய 14 அங்குல வர்ணப் பெட்டிகள் இன்னும் சில வீடுகளில் இருக்கின்றன. அவற்றைப் போன்ற கண்ணாடிக் குழாய்ப் பெட்டிகளை, மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் திறக்காதீர்கள். குழாய்க்குள் பல்லாயிரம் வோல்ட் பதுங்கியிருக்கக் கூடும். அது பழகிய கைக்குரிய வேலை.

முதியவர் பணம் வாங்கவில்லை. ஒரு டம்ளர் காப்பி குடித்துவிட்டுப் போனார். அன்று கழற்றியிருந்த மற்ற இரு முனைகளைப் பேரன்தான் மீண்டும் செருகினான். சில நாட்களுக்குப் பின் பழைய படமொன்றில், ரயில் திரையின் இடப்புறமிருந்து வலப்புறம் ஓட, அதன் ஓசை வலப்புறமிருந்து இடப்புறம் ஓடியதைக் கவனித்தேன். சிவப்பும் வெள்ளையும் இடம் மாறியிருக்கின்றன. வீட்டில் வேறு யாரும் அதை அறியவில்லை. மேஜையை நகர்த்த வேண்டுமே என்ற சோம்பலால் நானும் சொல்லவில்லை. அடுத்த போகிக்குப் பார்த்துக்கொள்ளலாம்.