மணமகள் நலங்கும் தோழியர் விருந்தும்

(கள்ளக்குறிச்சியில் நடந்த நமது சங்க மாதக் கூட்டத்தில், மகளிர் பகுதியார் வேண்டுகோட்கிணங்கி நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று யாம் எடுத்துக்கொண்ட பொருள் சிலருக்குச் சிறிதெனத் தோன்றலாம். கல்வியும் தொழிலும் பேசவேண்டிய மேடையில், மணப்பெண்ணுக்குத் தோழியர் நடத்தும் விருந்தைப் பற்றியா பேசுவது என்று பின்வரிசையில் இரண்டொருவர் புன்னகை செய்வதையும் காண்கின்றோம். ஆயினும் நம் இல்லங்களிற் கலியாணச் செலவு எந்த வாயில் வழியே பெருகி வருகின்றது என்று நோக்குவார்க்கு இது சிறு பொருளாகாது. முகூர்த்தம் ஒரு நாள். அதற்கு முன்னே நிச்சயதாம்பூலம், மருதாணி இரவு, ‘ஹல்தி’ என்னும் மஞ்சள் விழா, இப்பொழுது ‘பிரைடல் ஷவர்’ என்று ஒன்றன்பின் ஒன்றாய் வந்து, ஒவ்வொன்றும் ஒரு மண்டபத்தையும் ஒரு படப்பிடிப்பாளரையும் வேண்டி நிற்கின்றது.

‘ஷவர்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்குப் பொழிவு என்பது பொருள். ஓர் அழைப்பிதழில் ‘மணமகள் மழை விழா’ என்று அச்சிட்டிருந்ததைக் கண்டு, மானாவாரி நிலமுடைய நம் முதியவரொருவர், “எப்படியாவது மழை வந்தாற் சரி” என்றார். வேறு சிலர் இதனை வளைகாப்போடு மயங்கிக் கொள்கின்றனர். வளைகாப்பு சூல்கொண்ட மகளிர்க்குரியது. இது மணத்திற்கு முற்பட்டது.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிற் பரவிய வழக்கம் இது. இதன் தோற்றத்திற்கு ஒல்லாந்து தேசத்துக் கதையொன்று சொல்லுவர். ஏழையான மாவரைப்போன் ஒருவனை மணக்க விரும்பிய பெண்ணுக்கு அவள் தந்தை சீதனம் தர மறுத்தான். ஊரார் தத்தமக்கியன்ற பாண்டமும் துணியும் கொணர்ந்து அவள் குடித்தனத்தை நிரப்பினர் என்பது அக்கதை. கதை மெய்யாயினும் ஆகுக, பொய்யாயினும் ஆகுக. அதன் கருத்து நோக்கற்பாலது. சீதனம் இல்லாத இடத்தை நிரப்பப் பிறந்ததாகச் சொல்லப்படும் ஒரு வழக்கம், நம் நாட்டிற்கு வந்ததும் சீதனத்தின் தலைமேல் மற்றொரு சீதனமாய் ஏறி அமர்ந்துகொண்டது. விந்தை இதுவே.

நம்மிடத்தே இதற்கிணையானதொன்று முன்னரே இல்லையோ எனின், உண்டு. நலங்கு என்பது அதுதான். பந்தக்கால் நட்ட பின்னர் அத்தை வீட்டார் ஒரு நாள், மாமன் வீட்டார் ஒரு நாள் என முறைவைத்துப் பெண்ணை மணையில் இருத்தி, எண்ணெயும் மஞ்சளும் சந்தனமும் பூசி, ஆலத்தி சுற்றி, வீட்டிற் செய்த பலகாரத்தை அவள் வாயில் ஊட்டி மகிழ்ந்தனர். பெண்ணை உறவினர் தத்தம் இல்லத்திற்கு அழைத்து விருந்திட்டு அனுப்புவதும் உண்டு. இவற்றில் பெண்வீட்டார்க்குச் செலவு சிறிது, வருவோரே கொணர்வோர். புதிய விழாவில் இம்முறை தலைகீழாயிற்று. கொணர்வோர் விருந்தினராயினர், தந்தை கடனாளியாயினான். எமக்குத் தெரிந்த ஓரில்லத்திற் பெண்ணின் ஆசிரியப் பயிற்சிக்கென ஒதுக்கி வைத்திருந்த தொகை, மஞ்சள் நிறப் பந்தலுக்கும் மஞ்சள் நிற ஆடைகளுக்கும் ஒரே மாலையிற் போயிற்று. படங்கள் மிக நன்றாயிருந்தன. அப்பெண் இன்னும் பயிற்சிக்குச் செல்லவில்லை.

ஆதலால் இவ்விழாவை ஒழித்துவிடுக என்று யாம் கூற வந்தோமில்லை. இளம் பெண்கள் கூடிச் சிரித்திருக்க ஒரு மாலைப்பொழுது வேண்டுமென்றால், அதனைத் தடுப்பது முதியோர்க்கு அழகன்று. மணமான பின்னர் அத்தோழியரை அவள் காண்பது எந்நாளோ! அவர்கள் எக்குலத்தாராயினும், உடன் படித்தவராயினும், உடன் வேலை செய்பவராயினும், பெண் விரும்பி அழைத்த அனைவரும் வருக. எம் வேண்டுகோள் ஒன்றே: இஃது ஓரில்லம் மற்றோரில்லத்திற்குத் தன் செல்வத்தைக் காட்டும் விழாவாகாமல், பெண்கள் ஒரு பெண்ணுக்குக் கொடுக்கும் விழாவாக இருத்தல் வேண்டும்.

கொடுத்தல் என்றதும் நம் கண்முன் நிற்கும் கல்வராயன் மலையை நினைக்கின்றோம். அங்கு வாழும் மலையாளி என்னும் பழங்குடியினரைச் சேரநாட்டாரென்று எண்ணற்க. மலையில் வாழ்தலின் அப்பெயர். காஞ்சிபுரத்திலிருந்து மலையேறியவர் எனத் தம் முன்னோரைப் பற்றி அவர்கள் மரபுக்கதை கூறும். பெண்கொள்ளும் வீட்டார் பெண்வீட்டாருக்குப் பரிசம் கொடுப்பது அவர்களிடையே நெடுங்காலமாய் வழங்கிய முறை. அம்முறைக்கும் அதன் குறைகள் உண்டு. பெண்ணை விலைபேசுவதாக அதனைப் பழிப்பாரும் உளர். ஆயினும் பெண்ணைப் பெற்றவன் மணத்திற்காகக் கடன்படவேண்டும் என்பது மட்டும் அம்முறையில் இல்லை. சமவெளியில் வாழும் நாம் அவர்களைப் பின்தங்கியோர் என்று பேசும்போது இதனையும் சேர்த்து எண்ணிப் பார்த்தல் நலம்.

இனி, ‘தீம்’ எனப்படும் கருப்பொருளைப் பற்றி. ஏதேனும் ஒரு கருப்பொருள் வைத்து அதற்கேற்ப நிறமும் ஆடையும் உணவும் அமைப்பது இன்றைய வழக்கு. இவ்விழா பிறந்த நாட்டில் முற்காலத்திற் கருப்பொருள் என்பது அலங்காரத்தை மட்டும் குறித்ததன்று. கொடையின் வகையைக் குறித்தது. அடுக்களைப் பொழிவு என்று அழைத்தால் வருவோர் கரண்டியும் கலமும் கொணர்வர். துணிப் பொழிவு என்றால் விரிப்பும் துவாலையும் கொணர்வர். பெண்ணுக்கு எது தேவையோ அதுவே கருப்பொருள். இந்தப் பழைய பொருளை நாம் மீட்டுக்கொண்டாற் பாதித் தொல்லை தீரும். மேற்படிப்புக்குச் செல்லும் பெண்ணுக்கு நூல்களும் மடிக்கணினியும், தையற்றொழில் அறிந்தவளுக்குத் தையல் இயந்திரமும், தனிக்குடித்தனம் செல்பவளுக்கு அடுக்களைச் சாமானும் கருப்பொருளாகட்டும். முப்பது பேர் முப்பது சுவர்க்கடிகாரம் கொடுப்பதினும், முப்பது பேர் கூடி ஒரு தையல் இயந்திரம் வாங்கிக் கொடுப்பது மேல். இதனை மொய்க்கணக்கில் எழுதுதல் கூடாது. திருப்பிச் செய்யவேண்டும் என்ற கணக்கு வந்துவிட்டால், இல்லாத வீட்டுத் தோழி அன்று தலைவலி என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிடுவாள்.

அலங்காரத்திற்கும் ஒரு கருப்பொருள் வேண்டும் என்பாராயின், நம் மண்ணை விட்டு வெளியே தேடவேண்டா. மலைச்சாரல் என்று வைத்துக்கொள்க. வாயிலில் மாவிலையும் தென்னங்குருத்துத் தோரணமும், தாம்பாளத்தில் தினைக்கதிரும் சாமைக்கதிரும், மலையிலிருந்து வரும் கடுக்காயும் புளியும் தேனும் போதும். மணப்பெண் அமர்வதற்கு நம் ஊர்ச் சிற்பிகள் செதுக்கிய மணை ஒன்று செய்வித்தால், அது விழாவோடு போகாமல் அவள் பிள்ளைகளுக்கும் பயன்படும். கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்திற்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது நீங்கள் அறிந்ததே. அந்தப் பெருமையை நம் வீட்டுக் கலியாணத்திற் காட்டாமல் வேறெங்கே காட்டுவது? ஆனால் ஒன்று. மலைச்சாரல் என்று பெயர் வைத்து, மலைவாழ் பெண்களைப்போல வேடம் புனைந்து படமெடுத்துக்கொள்ளும் விளையாட்டு வேண்டா. நமக்கு வேடமாயிருப்பது அவர்க்கு வாழ்க்கை. தினையையும் தேனையும் அவர்களிடம் நல்ல விலை கொடுத்து வாங்குவதே நாம் செய்யும் மரியாதை.

உணவு பற்றிச் சிறிது விரித்துரைப்போம். இதில் நம் தாய்மார்க்கு யாம் கற்பிக்கவேண்டுவது ஒன்றுமில்லையாயினும், கூட்டத்திற்குச் சமைக்கும் அளவு இளையோர்க்குத் தெரிவதில்லை. நாற்பது பேருக்குச் சாமைப் பொங்கல் என்றால், மூன்று கிலோ சாமையும் ஒரு கிலோ பாசிப்பருப்பும் போதும். சாமையிற் கல்லும் உமியும் இருக்குமாதலால் அரித்தெடுத்து, அரைமணி நேரம் ஊறவைத்தல் வேண்டும். தினையை வாசம் வரும்வரை வறுத்து மாவாக்கி, ஏலம் சிறிது சேர்த்து, தேனும் நெய்யும் விட்டுப் பிடித்தால் அதுவே இனிப்பு. வள்ளியம்மைக்குரிய உணவென்று அதற்கு ஒரு மங்கலப் பெயரும் உண்டு. மரவள்ளிக் கிழங்கை அவித்துத் தாளித்து வைக்கலாம். ஜவ்வரிசிப் பாயசம் செய்யலாம். சின்னசேலத்துப் பக்கம் ஜவ்வரிசி ஆலைகளை வைத்துக்கொண்டு, வெளியூரிலிருந்து மூன்றடுக்கு மாப்பண்டம் வரவழைப்பது எற்றுக்கு? அடுக்களை வேலையை ஒருத்தி தலையில் ஏற்றாமல், ஒவ்வொரு வீட்டார் ஒவ்வொரு பண்டமாகச் செய்து கொணர்தல் பழைய நலங்கு முறைக்கும் பொருந்தும்.

மஞ்சள் விஷயத்தில் எச்சரிக்கை வேண்டும். தைத் திங்களில் பசுமஞ்சள் மலிவாகக் கிடைக்கும். அதனை அரைத்துப் பூசுக. கடையில் விற்கும் பளபளப்பான மஞ்சட்பொடிகளில் ஈயக் குரோமேட், மெட்டானில் மஞ்சள் முதலிய சாயங்கள் கலக்கப்படுவதுண்டு. அப்பொடியை முகத்திலும் கண்ணிலும் வீசியெறிவது விளையாட்டாகாது. மருதாணியும் அவ்வாறே. இலையைப் பறித்து அம்மியில் அரைத்து, மணநாளுக்கு இரண்டு நாள் முன் இட்டால், முகூர்த்தத்தன்று நன்கு சிவந்திருக்கும். கருப்பு மருதாணி என்று குழாயில் அடைத்து விற்பதில் தலைமயிர்ச் சாயத்திற்குரிய பாரா-பினிலின்டையமின் என்னும் மருந்து கலந்திருத்தல் கூடும். அது கையைக் கொப்புளமாக்கி, மணமகள் கட்டுப்போட்ட கையோடு மணையில் அமரும்படி செய்துவிடும்.

தாய்மார்களே! இனிச் சொல்லப்போவது உங்களிற் சிலருக்குக் கசக்கலாம். ஆயினும் சொல்லாமற் போக எமக்கு மனமில்லை. நலங்கு வைக்கச் சுமங்கலிகளையே அழைக்கின்றோம். கணவனை இழந்து, பிறர் வயலிற் களையெடுத்து மகளைப் படிக்கவைத்த தாய், அம்மகளின் நலங்கன்று கதவின் பின்னே நிற்கின்றாள். அவளுடைய கை படாத மஞ்சள் அப்பெண்ணுக்கு எந்த மங்கலத்தைத் தரப்போகின்றது? முகூர்த்தச் சடங்குகளில் மாறுதல் செய்யப் பெரியோர் தயங்குவாராயின் தயங்குக. தோழியர் விருந்து சாத்திரம் வகுத்த சடங்கன்று. இதனை நடத்தும் முறையை நாமே வகுக்கலாம். இவ்விழாவில் முதற் சந்தனம் தாயின் கையாலேயே, அவள் கைம்பெண்ணாயினும், பூசப்படுதல் வேண்டும். மகப்பேறில்லாத அத்தையும், கணவனைப் பிரிந்து வாழும் அக்காளும் அவளுக்குப் பின் வருக. புதிய வழக்கத்தால் விளையக்கூடிய நன்மைகளில் இதனையே யாம் தலையாயதாகக் கருதுகின்றோம்.

கொடைப்பொருளைப் பற்றி ஒரு சட்டச் செய்தி. 1961-ஆம் ஆண்டு வரதட்சிணைத் தடைச் சட்டம், கேட்டு வாங்குவதைக் குற்றமாக்கியது. கேளாமல், வழக்கப்படி, கொடுப்போரின் நிலைக்கு மிஞ்சாமல் கொடுக்கும் மணப்பரிசுகளை விலக்களித்தது; ஆனால் அவற்றிற்குப் பட்டியல் இருத்தல் வேண்டும். 1985-ல் ஏற்பட்ட விதிகளின்படி, பெண்ணுக்கு வந்த பரிசுகளின் பட்டியலைப் பெண்ணே வைத்துக்கொள்ளவேண்டும். பொருள் இன்னது, ஏறத்தாழ மதிப்பு இவ்வளவு, கொடுத்தவர் பெயர், அவர் உறவு என எழுதி, மணமக்கள் இருவரும் கையொப்பமிடவேண்டும். நம் சங்கத்தில் எத்தனை வீட்டில் இப்பட்டியல் உண்டு என்று கைதூக்கச் சொன்னால், மொய்நோட்டு வைத்திருப்போர் எல்லோரும் கைதூக்குவர். இதற்கு ஒரு கையும் எழாதென அஞ்சுகின்றோம். பெண்ணின் உடைமை அவளுக்கே உரியது, கணவனும் மாமியாரும் அதனைப் பாதுகாப்போரேயன்றி உரிமையாளரல்லர் என்று 1985-ல் பிரதிபா ராணி வழக்கில் உச்சநீதிமன்றம் தெளிவுபடுத்தியது. நாளை ஒரு பிணக்கு நேருங்கால் நகையும் இயந்திரமும் யாருடையன என்று பஞ்சாயத்தார் கேட்பர். அன்று பேசப்போவது நாற்பது படங்களல்ல, ஒரு தாள். ஆகவே நலங்கில் வந்த பொருளையும் அன்றே அதே முறையில் எழுதிவைத்து, மணநாளில் அப்பட்டியலோடு சேர்க்குக. எழுத்தழகுள்ள தோழி ஒருத்தியை இதற்கென நியமித்தல் நன்று.

செலவுக்கு ஒரு வரம்பு வைக்கவேண்டும். அழைப்பு நாற்பதுக்கு மேற்படாதிருக்கட்டும்; இடம் வீட்டு முற்றமோ மாடியோ ஆகட்டும்; செலவைத் தோழியரும் அத்தைமாரும் பங்கிட்டுக்கொள்ளட்டும். பெண்ணின் தந்தை பணம் கொடுக்க வந்தால், அவருக்கு ஒரு தம்ளர் பாயசம் கொடுத்து உட்காரவைத்துவிடுக. மணமகன் வீட்டார் இவ்விழாவை இன்ன மண்டபத்தில், இன்ன அளவில் நடத்தவேண்டுமென்று கேட்பாராயின், அது வேண்டுகோளன்று. வரதட்சிணையின் வேறு முகம். அதனைத் தொடக்கத்திலேயே மறுத்துவிடுதல் வேண்டும்.

ஆடவர்க்கு ஒரு சொல். பெண்கள் உள்ளே நலங்கு வைக்கையில், வெளியே மணமகன் தோழர்க்கு மதுவிருந்து என்னும் ஒரு புதுப்பழக்கம் தலைகாட்டுகின்றது. 2024 ஜூன் திங்களில் இந்நகரத்துக் கருணாபுரத்தில் நஞ்சு கலந்த சாராயத்தால் அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டதைக் கண்ணாற் கண்ட ஊர் இது. இங்கே இதற்குமேல் யாம் விளக்கவேண்டுவதில்லை.

நேரம் பற்றியும் கூறிவிடுவோம். மாலை மூன்று மணிக்குத் தொடங்கினால், நலங்கும் பாட்டும் உணவும் பட்டியலும் ஐந்தரை மணிக்குள் முடியும். பிந்தத் தொடங்கி இரவில் விளக்கலங்காரம் பார்ப்பது வேண்டா. வெள்ளிமலையிலிருந்து வந்த தோழி, கச்சிராயபாளையம் கடந்து அந்த வளைவுச் சாலையில் மலையேறி வீடு சேரவேண்டும். அவளுக்கும் அவள் வீட்டார்க்கும் பொங்கலும் தினைமாவும் கட்டிக்கொடுத்து, பொழுது சாயுமுன் பேருந்தில் ஏற்றிவிட்டு வந்த பின்னர், முற்றத்தைக் கூட்டத் தொடங்கலாம்.