கைபேசியும் புகையும் நம் பள்ளிப் பிள்ளைகளும்

(செட்டியார்பட்டியில் நடைபெற்ற பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

2020ஆம் ஆண்டில் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது, பாடம் கேட்பதற்கென்றே நம் குடும்பங்கள் கடன்பட்டுக் கைபேசி வாங்கின. பள்ளிகள் திறந்தன, கைபேசியோ பிள்ளைகளிடமே தங்கிவிட்டது. ஆலைக்கும் வயலுக்கும் சென்று இருட்டிய பின் வீடு திரும்பும் நமக்கு, அதில் என்ன ஓடுகிறதென்று பார்க்க நேரமேது?

முன்பெல்லாம் புகைபிடிக்கும் கதாநாயகனைக் காணக் கொட்டகைக்குப் போகவேண்டும். இரண்டரை மணி நேரத்தில் விளக்குப் போட்டுவிடுவார்கள். இன்று அக்காட்சியே அரை நிமிடத் துணுக்காகி, பாட்டும் சேர்ந்து, நாள் முழுதும் கைக்குள் வருகிறது. ஒன்றைப் பார்த்தால் அதுபோன்ற பத்தினைக் கருவியே தேடிக் கொணர்கிறது. திரையில் கட்டாயமாக்கப்பட்ட எச்சரிக்கை வாசகமும் பல துணுக்குகளில் வெட்டுண்டு போகிறது.

2018 ஜூன் மாதத்தில் ‘சர்கார்’ திரைப்படத்தின் முதல் விளம்பரப் படம் சமூக வலைத்தளங்களில் வெளியாயிற்று. நாயகர் வாயில் சிகரெட். தமிழக மக்கள் நல்வாழ்வுத் துறை அறிவிக்கை அனுப்பிய பிறகு அப்படம் நீக்கப்பட்டது. அதற்குள் அது எத்தனை பிள்ளைகளின் கைபேசிகளில் குடியேறியிருக்கும்!

2019ஆம் ஆண்டின் இளையோர் புகையிலை ஆய்வின்படி, இந்தியாவில் 13 முதல் 15 வயது வரையுள்ள மாணவரில் 8.5 விழுக்காட்டினர் புகையிலை பயன்படுத்தினர். பீடியைத் தொடும் வயதோ சராசரியாகப் பத்தரை. அது ஐந்தாம் வகுப்புப் பருவம்.

2003ஆம் ஆண்டுச் சட்டப்படி 18 வயது நிரம்பாதோர்க்குப் புகையிலை விற்றலாகாது. பள்ளியிலிருந்து 100 கஜத்திற்குள், அதாவது 300 அடிக்குள், விற்பனையே கூடாது. மீறினால் 200 ரூபாய் வரை அபராதம். (ஒரு நாள் வியாபாரத்தில் ஈடுகட்டக்கூடிய தொகைதான்!) இங்கே குற்றவாளி விற்றவர், வாங்கிய சிறுவன் அல்லன். ஆயினும் பள்ளியில் தண்டனை அடைபவன் சிறுவனே.

இதனை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். பீடியோடு பிடிபட்டவனுக்கு மாற்றுச் சான்றிதழ் கொடுத்தனுப்பினால், வசதியுள்ள வீட்டுப் பிள்ளை வேறு பள்ளியில் சேர்வான். நம் பிள்ளை பஞ்சாலை வாயிலில் நிற்பான். அக்குடும்பத்தின் முதல் பட்டதாரிக் கனவும் அன்றோடு போகும். எட்டாம் வகுப்பு முடியும்வரை வெளியேற்றலாகாது என்று 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் காக்கிறது. ஒன்பதாம் வகுப்பு மாணவனுக்கு அந்த அரண் இல்லை.

நாற்பது வயதில் புற்றுநோய் வரும் என்றால் பதினான்கு வயதுக்காரன் அஞ்சமாட்டான். கபடியில் மூச்சுப் பிடிக்க முடியாது போகும் என்றால் நின்று கேட்பான். அவ்வாறு பேசத்தக்க ஆசிரியர்கள் இங்கு இருக்கின்றனர். அவர்களிடம் அப்பிள்ளையை ஒப்படையுங்கள்.

சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோரே. அடுத்த கூட்டத்திற்கு ஒருநாள் கூலி போனாலும் வாருங்கள். பள்ளியைச் சுற்றி 100 கஜ எல்லைக்கு மஞ்சள் கோடு போடவேண்டுமென்பது மத்திய அரசின் நெறிமுறை. கோடு உள்ளதா என்று கேளுங்கள். இல்லையேல் 300 அடிக் கயிற்றுடன் நாமே சென்று அளந்து காட்டுவோம்.