சித்திரக்கதைகளில் பகற்கனவு மாந்தர்



பகற்கனவு காண்பவனைப் பழிப்பது உலக வழக்கு. 'மனக்கோட்டை கட்டாதே' என்னும் அறிவுரை வீட்டிலும் பள்ளியிலும் நாள்தோறும் ஒலிக்கின்றது. ஆயினும், இருபதாம் நூற்றாண்டில் உலகப் புகழ் எய்திய சித்திரக்கதைகளுள் சில, பகற்கனவு காண்போரையே தலைமை மாந்தராகக் கொண்டன. அவர்கள் நகைப்புக்கு மட்டுமே உரியவரா, அன்றி ஆழ்ந்து நோக்கத்தக்கவரா என்பதை ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம்.

தமிழ் மரபில் கனவு இழிந்த பொருளன்று. தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் கனவையும் ஒரு மெய்ப்பாடாக எண்ணுகின்றது. திருவள்ளுவர் 'கனவுநிலையுரைத்தல்' என ஓர் அதிகாரமே வகுத்தார். நனவில் வாராத தலைவனைக் கனவில் கண்டே தலைவி உயிர் தரிக்கின்றாள். அது துயிலில் வரும் கனவு. விழித்திருக்கும்போதே உள்ளம் படைத்துக்கொள்ளும் உரையாடலோ 'நெஞ்சொடு கிளத்தல்' என்னும் மற்றோர் அதிகாரத்தில் இடம்பெறுகின்றது. இரண்டிலும் கற்பனை பிழையாகக் கருதப்படவில்லை. பிரிவைத் தாங்க உதவும் ஊன்றுகோலாகவே நிற்கின்றது.

நீதிக்கதைகளின் நோக்கு வேறு. 1826-இல் தாண்டவராய முதலியார் தமிழ் உரைநடையில் அளித்த பஞ்சதந்திரம் பலரும் அறிந்தது. பஞ்சதந்திர மரபில் வழங்கும் கதை ஒன்றில் ஏழை அந்தணன் ஒருவன், இரந்து பெற்ற மாவைப் பானையில் நிறைத்து, அதன் கீழே படுத்தபடி ஆடு, மாடு, வீடு, மனைவி, மகன் என வாழ்வை வளர்த்துச் செல்கின்றான். கனவில் ஓங்கிய கால் பானையை உடைக்கின்றது. அண்மையிலுள்ள அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சியில் தங்கிப் பணிபுரிந்தவர் வீரமாமுனிவர். அவருடைய பரமார்த்த குருவின் கதை, 1822-இல் இலண்டனில் பெஞ்சமின் பாபிங்டனின் ஆங்கில மொழிபெயர்ப்போடு அச்சேறியது. அதில், குதிரை வாங்கும் பொருள்வளம் இல்லாத சீடர், பூசணிக்காயைக் குதிரை முட்டை என நம்பிச் சுமந்து வருகின்றனர். அது விழுந்து உடைந்ததும் புதரிலிருந்து ஓடிய முயலைக் குதிரைக்குட்டி எனத் துரத்துகின்றனர்.

இவ்விரு கதைகளிலும் ஒன்று நோக்கத்தக்கது. உடைவது வறியவனின் பானை. ஏமாறுவது விலை கொடுக்க இயலாதவன். செல்வன் எதிர்காலத்தை எண்ணினால் அது திட்டம் எனப்படும். ஏழை எண்ணினால் மனக்கோட்டை எனப்படும். சிரிப்பின் அடியில் 'உன் அளவோடு நில்' என்னும் ஆணை மறைந்திருக்கின்றது.

சித்திரக்கதை இந்நிலையை மாற்றியது. 1905-இல் வின்சர் மெக்கே அமெரிக்க நாளிதழ் ஒன்றில் தொடங்கிய 'லிட்டில் நீமோ' கதையில், சிறுவன் நீமோ கனவுலகம் செல்கின்றான். வார முடிவுதோறும் தன் படுக்கையில் விழித்தெழுகின்றான். கனவு கலைகின்றது, ஆயின் அடுத்த வாரம் மீண்டும் தொடர்கின்றது. பானை உடைந்தும் கதை முடியவில்லை.

சார்லஸ் சுல்சின் 'பீனட்ஸ்' 1950 முதல் 2000 வரை வெளிவந்தது. அதில் வரும் நாய் ஸ்னூப்பி, 1965 முதல் தன் கூண்டின் கூரையையே முதல் உலகப்போர்க் கால விமானமாகக் கொண்டு பறக்கின்றது. வியப்பு யாதெனின், தானே படைத்த கனவிலும் அது பன்முறை தோற்கின்றது. பகைவனின் குண்டுகள் கூரையைத் துளைக்கின்றன. வெற்றியை நாடும் ஆசை மட்டுமே பகற்கனவு எனின், தோல்வியை யார் கனவு காண்பர்? தோல்விக்கும் ஒரு மாண்பு உண்டு என உணர்த்துவதும் கனவின் பணியாகும்.

பில் வாட்டர்சன் 1985 முதல் 1995 வரை வரைந்த 'கால்வினும் ஹாப்சும்' தொடரின் தலைவன் ஆறு வயதுச் சிறுவன். வகுப்பறையில் அவன் விண்வெளி வீரனாகின்றான்; ஆசிரியை வேற்றுக்கோள் அரக்கியாகின்றார். பிறர் கண்ணுக்குப் பஞ்சுப் பொம்மையாகத் தோன்றும் புலி, அவனுக்கு உயிருள்ள தோழன். எது மெய் என ஓவியர் தீர்ப்பளிக்கவில்லை. இரு பார்வைகளையும் அடுத்தடுத்து வரைந்து நிறுத்துகின்றார்.

கனவு கணக்குப் போட்டுத் தராது என்பர். உண்மையே. விண்வெளியிலிருந்து மீளும் கால்வினுக்கு விடை தெரிவதில்லை. அந்த இழப்பை வாட்டர்சன் மறைக்கவுமில்லை. ஆனால், குழந்தையின் கனவு அவ்வகுப்பறையில் இல்லாதது எது எனவும் காட்டிவிடுகின்றது. அதனைப் படிக்கத் தெரிந்த ஆசிரியர்க்கு அது குற்றமன்று, குறிப்பு.

தமிழ்நாட்டில் 1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 'இரும்புக்கை மாயாவி'யோடு வெளிவரத் தொடங்கியபோது, கனவு காணும் பொறுப்பை வாசகச் சிறுவரே ஏற்றனர். ஆய்வுக்கூட விபத்தில் கையை இழந்தவன் மாயாவி. இழந்த கையின் இடத்தில் பொருத்திய இரும்புக்கையும் உடலிற் பாயும் மின்சாரமும் அவனைப் பிறர் காணாதவனாக்குகின்றன. இழப்பே ஆற்றலாகும் அக்கதை, பாடநூலின் நடுவே மறைத்துப் படிக்கப்பட்டதில் வியப்பில்லை.

குன்னம் வட்டாரத்தில் மக்காச்சோளமும் பருத்தியும் விளையும் மானாவாரி நிலங்களில் உழைப்போரின் பிள்ளைகள் பலர். அவர்களுள் ஒருவன் சாளரத்திற்கு வெளியே நோக்கியவாறு, தன் ஊரில் அலையடிப்பதாக எண்ணினால் அது வீண்கனவாகத் தோன்றலாம். ஆயின் பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம் கிடக்கின்றது. பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் இந்நிலப்பகுதியைக் கடல் சூழ்ந்திருந்தது. அதில் அமிழ்ந்த மரமே கல்லாயிற்று என்பது நிலவியலார் முடிபு. 1940-இல் அதனை ஆராய்ந்து வெளிப்படுத்திய எம். எஸ். கிருஷ்ணனும், வறண்ட மண்ணில் நின்று கடலை மனக்கண்ணால் கண்டவரே. கற்பனை சான்றைத் தேடிச் செல்லும்போது அறிவியலாகின்றது. சொல்லைத் தேடிச் செல்லும்போது இலக்கியமாகின்றது.

கல்வி செய்யவேண்டியது அத்தேடலுக்கு வழிகாட்டுவதே; கனவைக் கலைப்பதன்று. சாளரத்தை நோக்கியிருக்கும் பிள்ளையைப் பிரம்பால் தட்டி அழைக்கும் முன், 'எங்கே சென்றிருந்தாய்?' என ஒருமுறை கேட்டல் நலம். அவ்வினாவுக்கு அப்பிள்ளை எழுதும் விடையே, இலக்கிய வட்டங்கள் நாளை படிக்கவிருக்கும் முதற்படைப்பாகவும் அமையக்கூடும்.