நாக் வருகிறது: நாம் என்ன செய்ய வேண்டும்?

(மதுரை சிம்மக்கல்லில் நடைபெற்ற முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"நம்ம கல்லூரிக்கு நாக் சான்று புதுப்பிக்கணும், நீங்க நாலு வார்த்தை பேசுங்க" என்று சங்கச் செயலாளர் அண்ணன் சொன்னபோது, பேராசிரியர்கள் இருக்கும் சபையில் ஓர் என்ஜினீயருக்கு என்ன வேலை என்று கேட்டேன். "நீங்கதான் தொழிற்சாலையில வருஷா வருஷம் ஆடிட்டைப் பார்க்கிறவராச்சே" என்றார். அந்த ஒரு தகுதியில்தான் இங்கே நிற்கிறேன்.

இந்தச் சபை கூடியிருக்கும் இடமும் பொருத்தமான இடந்தான். பக்கத்திலேயே தமிழ்ச் சங்கம் சாலை. 1901-ல் பாண்டித்துரைத் தேவர் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார். அதற்கும் முன்னால், எழுதிய நூலைச் சங்கப் பலகை ஏற்றால்தான் புலவருக்கு மதிப்பு என்று கதை சொல்லி வளர்ந்த ஊர் இது. இறைவனே பாடிக் கொடுத்தாலும் குற்றம் குற்றந்தான் என்று நின்ற நக்கீரர் ஊரில், 'நாக்' என்றால் நமக்கு ஏன் பயம்?

தேசிய மதிப்பீடு மற்றும் தரச்சான்று மன்றம் என்பதைத்தான் சுருக்கமாக 'நாக்' என்கிறோம். 1986-ஆம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து, பல்கலைக்கழக மானியக் குழு 1994-ல் பெங்களூரில் இதைத் தொடங்கியது. 2017-ல் வந்த முறைப்படி ஒரு பல்கலைக்கழகத்துக்கு மொத்தம் 1000 மதிப்பெண். பாடத்திட்டத்துக்கு 150, கற்பித்தலுக்கும் மதிப்பீட்டுக்கும் 200, ஆராய்ச்சிக்கு 250. கட்டட வசதிகள், மாணவர் ஆதரவு, நிர்வாகம், நற்பண்புகளும் நல்ல நடைமுறைகளும் என்ற நான்குக்கும் தலா 100. கல்லூரிகளுக்கு இந்தப் பங்கீடு மாறும். கற்பித்தலுக்கு இன்னும் கூடுதலான இடம் உண்டு. முடிவில் நாலுக்கு இவ்வளவு என்று ஒரு புள்ளி. 3.51-ம் அதற்கு மேலும் வாங்கினால் ஏ++. 1.50-ஐத் தாண்டாவிட்டால் சான்றே கிடையாது.

நம்மில் பலர் நினைப்பது, மூணு பேர் காரில் வந்து இறங்குவார்கள், மாலை போட்டு, கலை நிகழ்ச்சி நடத்தி அனுப்பினால் தீர்ந்தது என்று. அது பழைய காலம். இந்த முறையில் ஏறத்தாழ 70 சதவீதம் எண்களை வைத்தே முடிவாகிறது. கல்லூரி தன்னாய்வு அறிக்கை எழுதும். அதிலுள்ள ஒவ்வொரு எண்ணுக்கும் ஆதாரம் கேட்டு, வெளியாட்கள் சரிபார்ப்பார்கள். மாணவர்களிடம் நாக் நேரடியாக மின்னஞ்சலில் கருத்துக் கேட்கும். குழு வருவதெல்லாம் அதற்குப் பிறகுதான். ஆக, இது ஐந்து வருஷக் கணக்கு. ஐந்து நாள் வேலை இல்லை.

நமக்குத் தாயாக இருக்கும் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தையே எடுத்துக் கொள்வோம். 1966-ல் மதுரைப் பல்கலைக்கழகமாகத் தொடங்கி, தெ.பொ. மீனாட்சிசுந்தரனாரை முதல் துணைவேந்தராகப் பெற்றது. 2021-ல் நாக் அதற்கு ஏ++ தரம் வழங்கியது. நாகமலை அடிவாரத்துக்கு அது பெருமையான நாள். ஐந்தாண்டுக் கணக்குப்படி 2026-ல் புதுப்பிக்கும் பேச்சு வந்துவிடுகிறது. இடையிலே என்ன நடந்தது? 2023, 2024 ஆண்டுகளில் சம்பளமும் ஓய்வூதியமும் தாமதமாகி, ஊழியர்களும் ஓய்வு பெற்றவர்களும் போராடியதைப் பத்திரிகைகளில் படித்தோம். குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. தரம் வாங்குவது ஒன்று, வாங்கிய தரத்தைச் சுமந்து நடப்பது இன்னொன்று. சான்றிதழ் சுவரில் இருக்கும். சம்பளம் வராத ஆசிரியர் வகுப்பில் எந்த மனத்தோடு நிற்பார்?

"எழுத்து ஏ-யா இருந்தா என்ன, பி-யா இருந்தா என்ன?" என்று கேட்கும் நண்பர்களும் இங்கே உண்டு. அவர்களுக்கு ஒரு விவரம். 2020-ல் மானியக் குழு கொண்டு வந்த விதிப்படி, ஒரு பல்கலைக்கழகம் தொலைநிலைக் கல்வி நடத்த நாக் புள்ளி 3.01 வேண்டும், இல்லையென்றால் தேசியத் தரவரிசையில் முதல் நூறுக்குள் இருக்க வேண்டும். மதுரை, தேனி, திண்டுக்கல், விருதுநகர் பக்கத்தில் பகலில் கடையில் நின்று, ராத்திரி தபால் வழியில் படித்துப் பட்டம் வாங்கியவர் இல்லாத தெரு உண்டா? அந்தக் கதவு திறந்திருப்பதும் மூடுவதும் இந்தத் தசமப் புள்ளியில் இருக்கிறது. இது பேராசிரியர்களின் கௌரவப் பிரச்சினை மட்டுமல்ல.

தொழிற்சாலையில் நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். நான் வேலை பார்த்த ஓர் ஆலையில், ஆடிட்டுக்கு முதல் நாள் பழுதான அளவுக் கருவிகளையெல்லாம் அள்ளி ஸ்டோர் ரூமில் பூட்டி விடுவார்கள். ஆடிட்டர் போனதும் அதே கருவிகள் வெளியே வரும், அதே தப்பான அளவு எடுக்கும். சான்று கிடைத்தது, பொருள் திரும்பி வருவது நிற்கவில்லை. கல்லூரியிலும் இப்படி ஸ்டோர் ரூம் உண்டு. ஓடாத சோதனைக்கூடக் கருவி, யாரும் கையெழுத்துப் போடாத நூலக வருகைப் பதிவேடு, கூடாத குழுவின் கூட்டக் குறிப்பு. கல்யாணத்துக்கு முதல் நாள் வெள்ளையடிப்பது போல இவற்றைச் சரிக்கட்ட முடியாது.

அப்படியானால் முன்னாள் மாணவர்கள் நாம் என்ன செய்யலாம்? மூன்றே காரியம்.

முதலாவது, நம் விவரத்தைக் கொடுப்பது. படித்து முடித்தவர்கள் மேற்படிப்புக்குப் போனார்களா, வேலைக்குப் போனார்களா என்று நாக் கேட்கிறது, ஆதாரமும் கேட்கிறது. துறையிலிருந்து வாட்ஸ்அப்பில் பணி ஆணை கேட்டால், "அப்புறம் அனுப்புறேன் சார்" என்று விட்டுவிடுகிறோம். நாம் வேலையில் இருப்பது உண்மை. காகிதம் இல்லாததால் அது கல்லூரிக் கணக்கில் இல்லை. அந்தக் காகிதத்தைத் தேடி ஓடுகிறவர், வகுப்பு எடுக்க வேண்டிய ஒரு பேராசிரியர் என்பதை நினைத்துப் பாருங்கள்.

இரண்டாவது, கொடுப்பதைச் சங்கத்தின் வழியாகக் கொடுப்பது. முன்னாள் மாணவர் பங்களிப்புக்கென்றே 10 மதிப்பெண் உண்டு. ஏழை மாணவருக்குக் கட்டணம் கட்டுகிறோம், மின்விசிறி வாங்கித் தருகிறோம், ரசீது கேட்பதில்லை. தர்மத்துக்கு ரசீது எதற்கு என்பது நம் வழக்கம். நல்ல வழக்கந்தான். ஆனாலும் பதிவு பெற்ற சங்கத்தின் வங்கிக் கணக்கில் வந்தால்தான் அது கணக்கில் சேரும்.

மூன்றாவது, நேரம். வருஷத்துக்கு ஒரு சனிக்கிழமை வாருங்கள். நம்மில் ஆடிட்டர்கள், வங்கிக்காரர்கள், மருத்துவமனை நிர்வாகிகள் இருக்கிறார்கள். துறை துறையாகப் போய், வெளியாள் கண்ணோடு பார்த்து, குறையை நேராகச் சொல்வோம். நம் வீட்டுக் குறையை நாமே முதலில் கண்டுபிடித்தால் அதில் அவமானம் இல்லை.

மாணவத் தம்பி, தங்கையருக்கு ஒன்று. கருத்துக் கேட்டு மின்னஞ்சல் வரும்போது, "எல்லாம் நல்லா இருக்குன்னு போடு" என்று யாராவது சொல்லலாம். உள்ளதைப் போடுங்கள். நல்லதை நல்லது என்றும், கழிவறையில் தண்ணீர் வராவிட்டால் வரவில்லை என்றும் எழுதுங்கள். அதற்கு முன்னால் முதல்வர் ஐயாவிடமும் சொல்லுங்கள். அவர் கோபித்துக் கொள்ள மாட்டார். முன்வரிசையில் சிரித்துக் கொண்டுதான் இருக்கிறார்.

நாக் முறையும் மாறி வருகிறது. எழுத்துத் தரங்களை விட்டு, சான்று உண்டா இல்லையா என்ற முறைக்குப் போவதாக 2024 ஜனவரியில் அறிவித்தார்கள். 2025 பிப்ரவரியில், வெளி மாநிலத் தனியார் நிறுவனம் ஒன்றை ஆய்வு செய்யப் போன குழுவினரையே லஞ்சப் புகாரில் சி.பி.ஐ. கைது செய்தது. பார்க்க வருகிறவர் தவறலாம், முறையும் மாறலாம். வகுப்பு நேரத்துக்குத் தொடங்குகிறதா, கருவி ஓடுகிறதா, கிராமத்திலிருந்து வந்த பையன் மூன்று வருஷத்தில் தைரியமாக நாலு வார்த்தை பேசுகிறானா என்ற கேள்விகள் மாறப் போவதில்லை. அதற்குப் பதில் தயாராக இருந்தால், எந்தக் குழு வந்தாலும் காபி கொடுத்து உட்கார வைத்துக் காட்டலாம்.

வெளியே போகும்போது வாசலில் இருக்கும் மேசையில் விவரப் படிவம் வைத்திருக்கிறார்கள். சாப்பாட்டுக்கு முன்னால் அதை நிரப்பிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.